வால்வு சுருங்கியவர்களுக்கு எந்த மாத்திரை? இன்விக்டஸ் ஆய்வு சொன்ன பதில்

மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்கு அப்படி ஓடாது. இரண்டு துடிப்பு ஒட்டி ஒட்டி வரும். பிறகு ஓர் இடைவெளி. அடுத்து விரலுக்கு எட்டியும் எட்டாத மெல்லிய துடிப்பு, அதன் பின்னாலேயே ஒரு பலமான துடிப்பு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாலும் எந்த ஒழுங்கும் பிடிபடாது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு உதறிக்கொண்டே இருப்பதால் வரும் கோளாறு இது. டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். நோயாளிகள் 'படபடப்பு' என்பார்கள். எதையுமே உணராமல் வருடக்கணக்கில் நடமாடுகிறவர்களும் உண்டு.

இதில் பெரிய ஆபத்து தேங்கும் ரத்தத்தால் வருகிறது. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் மாதிரி ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காதபோது ரத்தம் அந்த மூலையில் தங்கி உறைகிறது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, 1978-ல் இதை எண்ணில் காட்டியது: ஏ.எஃப். இருந்தால் பக்கவாத அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். அதோடு ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் 17 மடங்குக்கும் மேல்.

இந்தக் கட்டுரை அந்த 17 மடங்குக்காரர்களைப் பற்றியது. ஏ.எஃப். நோய்க்கு எத்தனையோ பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அதிக ஆபத்தில் இருந்த இவர்களைத்தான் அவை வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தன.

ருமாட்டிக் வால்வு நோய் சின்ன வயதுத் தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வழி மாறி மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு வடியாது. வருடங்கள் போகப் போக, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும் வாசல் ஒன்றரைக்கும் கீழே சுருங்கிப்போகிறது. கீழே இறங்க வழியில்லாத ரத்தம் இடது மேலறையில் முட்டி நிற்க, மேலறை ஊதிப் பெரிதாகிறது. ஊதிய அறை ஒரு கட்டத்தில் உதறத் தொடங்கும். முப்பது, நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஏ.எஃப். என்று கேள்விப்பட்டால், பின்னணியில் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

பணக்கார நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நம் பக்கம் மறையவில்லை. 47 நாடுகளில் ஏ.எஃப். பிரச்சினையோடு அவசர சிகிச்சைக்கு வந்த சுமார் 15,400 பேரின் விவரங்களைத் திரட்டிய பதிவேடு ஒன்று 2014-ல் வெளியானது. வட அமெரிக்க நோயாளிகளில் ருமாட்டிக் இதய நோய் இருந்தவர்கள் 2.2 சதவீதம். ஆப்பிரிக்காவில் 21.5 சதவீதம். இந்தியாவில் 31.5 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இனி ஆய்வுகளின் பக்கம் வருவோம். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்தால் பக்கவாதம் குறையுமா என்ற கேள்விக்கு 1989-க்கும் 1992-க்கும் இடையில் விடை கிடைத்தது. கோபன்ஹேகனில் 1,007 பேரை வைத்து நடந்த ஆய்வு முதலில் வந்தது. அமெரிக்க, கனடிய ஆய்வுகள் தொடர்ந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது வார்ஃபரின் பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைத்தது. ஆஸ்பிரினால் முடிந்தது ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆனால் இந்த ஆய்வுகள் சேர்த்துக்கொண்டது 'ருமாட்டிக் அல்லாத' ஏ.எஃப். உள்ளவர்களை மட்டுமே. வால்வு சுருங்கியவர்களுக்கு அபாயம் அத்தனை அதிகம் என்பதால், அவர்களுக்கு வார்ஃபரின் வேண்டும் என்பது முடிந்துபோன விஷயமாகக் கருதப்பட்டது. மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது அநியாயம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதனால் அவர்களுக்கென்று நேரடியான சான்று எதுவும் உருவாகவில்லை.

ரத்த உறைவைத் தடுக்கும் புதிய மாத்திரைகளின் அலை 2009-ல் வந்தது. தபிகட்ரானை 18,113 பேரிடமும், ரிவராக்ஸபானை 14,264 பேரிடமும், அபிக்ஸபானை 18,201 பேரிடமும், எடோக்ஸபானை 21,105 பேரிடமும் வார்ஃபரினோடு ஒப்பிட்டார்கள். நான்கையும் சேர்த்தால் 71,683 பேர். 2014-ல் வெளியான கூட்டுக் கணக்கின்படி புதிய மருந்துகள் பக்கவாதத்தை வார்ஃபரினைவிட 19 சதவீதம் குறைத்தன, மூளைக்குள் ரத்தக்கசிவைப் பாதியாக்கின, இறப்பையும் 10 சதவீதம் குறைத்தன. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம், கீரைப் பத்தியம் வேண்டாம். மருத்துவ உலகம் மகிழ்ந்ததில் ஆச்சரியமில்லை. இந்த நான்கிலும் மிட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியவர்களுக்கு இடமில்லை.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பழைய மருந்தோடுதான் இருந்தார்கள். அந்த மருந்தோடு வாழ்வது எப்படி என்பதை ஒரு நோட்டில் பார்க்கலாம். வார்ஃபரினோ, நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்கள் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று மூன்று பத்தி. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். இவர்களுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. நோட்டில் 1.4 என்று ஒரு வரி, அரை மாத்திரை கூட்டியதும் 3.8 என்று அடுத்த வரி, குறைத்ததும் மறுபடி 1.7. நடுவில் இரண்டு மாதத்துக்கு எதுவுமே இல்லை. நடவு வேலையோ, பிள்ளைக்குப் பரீட்சையோ, பஸ்ஸுக்குக் காசில்லையோ.

"என்னக்கா, போன வாரம் கீரை நிறைய எடுத்துக்கிட்டீங்களா?"

"முருங்கைதான் தம்பி. மரத்துல சும்மா கிடக்குது, வேற என்னத்த ஆக்குறது?"

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்யும். அதனால் பரிசோதனைக் கூடங்களில் இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. 'கீரையே தொடாதே' என்று சொல்வதைவிட 'தினமும் ஒரே அளவாகச் சாப்பிடு' என்று சொல்வதே சரியான யோசனை. ஆனால் விலை பார்த்துக் காய் வாங்கும் வீட்டில் ஒரே அளவு என்பது நடக்கிற காரியமா?

இந்த நோட்டைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் புதிய மாத்திரைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். சிலர் மாற்றவும் செய்தார்கள். தென்கொரியாவில், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே அப்படிக் கொடுக்கப்பட்டவர்களின் பழைய ஆவணங்களைத் தோண்டி ஒரு கணக்கு எடுத்தார்கள். மிட்ரல் வால்வு சுருங்கிய 2,230 பேர். 2019-ல் வெளியான முடிவில், பக்கவாதமோ உடம்பில் வேறு இடத்தில் கட்டி அடைப்போ வந்தவர்கள் புதிய மருந்தில் ஆண்டுக்கு 2.22 சதவீதம், வார்ஃபரினில் 4.19 சதவீதம். கிட்டத்தட்டப் பாதி. இதைப் படித்தவர்கள் 'இனி ஆய்வு எதற்கு?' என்று கேட்டிருந்தால் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் எச்சரிக்கைக்கு ஒரு முன்கதை இருந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரினுக்குப் பதில் தபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 252 பேர்தான். அதற்குள்ளாகவே தபிகட்ரான் பக்கம் பக்கவாதமும் ரத்தக்கசிவும் கூடுதலாக வந்துவிட்டன. ஓர் இதயத்தில் வென்ற மருந்து இன்னோர் இதயத்தில் தோற்கும் என்பதை அது காட்டியிருந்தது.

ருமாட்டிக் நோயாளிகளுக்கென்றே நடந்த பெரிய ஆய்வுதான் இன்விக்டஸ். கனடாவின் ஹாமில்டனில் உள்ள மக்கள் நல ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்தது. ஸ்டூவர்ட் கானலியும் தில்லி எய்ம்ஸ் இதயநோய்த் துறையின் கணேசன் கார்த்திகேயனும் முன்னின்று நடத்தினார்கள். ரிவராக்ஸபானைத் தயாரிக்கும் பேயர் நிறுவனம் நிதி கொடுத்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று 24 நாடுகள், கணக்கில் வந்தவர்கள் 4,531 பேர். அவர்களின் சராசரி வயது 50.5, பெண்கள் 72.3 சதவீதம். வழக்கமான ஏ.எஃப். ஆய்வுகளில் சராசரி வயது எழுபதைத் தொடும், ஆண்களே அதிகம். கொரியக் கணக்கிலும் சராசரி வயது எழுபதை ஒட்டியே இருந்தது. நம் ஊர் வார்டுகளில் படுத்திருக்கும் முகங்களைப் பட்டியலில் பார்த்த ஏ.எஃப். ஆய்வு இது.

பாதிப்பேருக்கு ரிவராக்ஸபான், பாதிப்பேருக்கு வார்ஃபரின் வகை மருந்து. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. புதிய மருந்து பழையதற்குச் சளைத்ததல்ல என்று காட்டினாலே போதும் என்பதுதான் திட்டம். சமமாக நின்றாலே வெற்றி, ஏனென்றால் ஐ.என்.ஆர். அலைச்சல் மிச்சம்.

2022 ஆகஸ்டில் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில் முடிவு வெளியானது. பக்கவாதம், கட்டி அடைப்பு, மாரடைப்பு, இதய ரத்தநாளக் காரணத்தாலோ காரணம் தெரியாமலோ வந்த இறப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள்: ரிவராக்ஸபான் பக்கம் 2,275 பேரில் 560, வார்ஃபரின் பக்கம் 2,256 பேரில் 446. பக்கவாதம் மட்டும் 90-க்கு 65. மொத்த இறப்பு 552-க்கு 442. பெரிய ரத்தக்கசிவு 40-க்கு 56. ரத்தக்கசிவில் உள்ள அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுதான். பழைய மருந்து வென்றுவிட்டது.

கொரிய ஆவணங்கள் ஒன்று சொல்ல, இன்விக்டஸ் நேர்மாறாகச் சொல்வது ஏன்? ஆய்வு முறையின் அடிப்படையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆவணங்களில் பார்க்கும்போது, யாருக்கு எந்த மாத்திரை என்று ஏற்கனவே ஒரு டாக்டர் முடிவு செய்திருப்பார். விலை கூடிய புதிய மருந்தை வாங்க முடிந்தவர், வால்வு அவ்வளவு மோசமில்லாதவர், வீட்டில் கவனிக்க ஆள் இருப்பவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். கணக்கில் எவ்வளவு சரிக்கட்டினாலும், எழுதிவைக்காத காரணத்தைச் சரிக்கட்ட முடியாது. குலுக்கல் அதை உடைக்கிறது. வசதி, வயது, வால்வின் அளவு, மனத்தெம்பு எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும். பிறகு வரும் வித்தியாசத்துக்கு மருந்தையும் அதோடு ஒட்டிவரும் பராமரிப்பையும்தான் காரணம் காட்ட முடியும். நோயாளிகளுக்குக் குலுக்கல் என்ற சொல்லே கசக்கும். 'என் உயிர் என்ன சீட்டா?' என்ற கேள்வியில் வலி இருக்கிறது. ஆனால் எது நல்லது என்று யாருக்கும் நிஜமாகவே தெரியாதபோது, ஆளைப் பார்த்து மருந்தைப் பிரிக்காமல் இருப்பதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு புதிர் இருக்கிறது. 110 இறப்பு வித்தியாசத்தைப் பக்கவாதத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. வார்ஃபரின் பக்கம் குறைந்தவை பெரும்பாலும் திடீர் மரணங்களும் இதயச் செயலிழப்பு மரணங்களும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அதை எப்படிக் குறைத்தது? ஒரு விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: வார்ஃபரின்காரர்கள் ஐ.என்.ஆருக்காக மாதாமாதம் வர வேண்டியிருந்தது. வரும்போது கால் வீக்கத்தை யாராவது பார்ப்பார்கள், மூச்சு வாங்குகிறதா என்று கேட்பார்கள், நீர் மாத்திரையைக் கூட்டுவார்கள். நாம் தொல்லை என்று நினைத்த அலைச்சலே அவர்களைக் காப்பாற்றியிருக்கலாம். இது நிரூபணமில்லை, ஊகம்தான். ஆனால் அதே ஆய்வில் உள்ள ஓர் எண் அதற்குப் பக்கபலமாக நிற்கிறது. ஆய்வில் சேர்ந்த அன்று வார்ஃபரின் பிரிவில் ஐ.என்.ஆர். சரியான எல்லைக்குள் இருந்தவர்கள் 33.2 சதவீதம். ஆய்வு நடந்த காலத்தில் அது 56.1 முதல் 65.3 சதவீதம் வரை போனது. அதே கீரை, அதே வீடு, அதே பஸ். யாரோ தேதி நினைவுபடுத்தினார்கள், யாரோ எண்ணைப் பார்த்து அளவை மாற்றினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனவே 'வார்ஃபரின் சிறந்தது' என்ற ஒரு வரியோடு இதை வாசித்து முடிப்பது குறை வாசிப்பு. ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்ட வார்ஃபரின் சிறந்தது என்றே ஆய்வு காட்டியது. நோட்டில் மாதக்கணக்கில் வெற்று வரிகள் உள்ளவருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி நிற்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகள் இப்போது மிட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கிய ஏ.எஃப். நோயாளிகளுக்கு வார்ஃபரின் வகையையே பரிந்துரைக்கின்றன. அவர்களுக்குப் புதிய மாத்திரை எழுதப்பட்டிருந்தால், தானாக நிறுத்திவிடாமல், ஏன் என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. வால்வு சுருக்கம் இல்லாத, உலோக வால்வும் இல்லாத ஏ.எஃப். உள்ளவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. அவர்களுக்கு 71,683 பேரின் சான்று அப்படியே நிற்கிறது.

ஆய்வில் சேர்வதென்றால் எலியாக்கிவிடுவார்கள் என்ற பயம் நம் ஊரில் ஆழமானது. அதற்குக் காரணமில்லாமலும் இல்லை. சம்மதம் சரியாக வாங்காத ஆய்வுகள் இந்தியாவில் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனால் ஒழுங்காக நடக்கும் ஆய்வில் ஒரு காவல் இருக்கிறது. நடத்துகிறவர்களிடமிருந்து தனித்து இயங்கும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு இடையிடையே எண்களைத் திறந்து பார்க்கும். நிரந்தரமாக ஏ.எஃப். உள்ளவர்களுக்கு, இதயத் தாளத்தைச் சீராக்கும் ட்ரோனிடரோன் என்ற மருந்து கொடுத்த ஆய்வு 2011-ல் 3,236 பேரோடு நிறுத்தப்பட்டது. இதய ரத்தநாள இறப்பு வெற்று மாத்திரைப் பக்கம் 10 ஆக இருந்தபோது மருந்துப் பக்கம் 21 ஆகிவிட்டது. பக்கவாதம் 10-க்கு 23. அண்மையில் ரத்த உறைவைத் தடுக்கும் அசண்டெக்ஸியன் என்ற புதுவகை மருந்தும் அப்படித்தான். ரத்தக்கசிவு குறைவாக இருக்கும் என்று பெரிய எதிர்பார்ப்போடு 14,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். பக்கவாதமோ கட்டி அடைப்போ அபிக்ஸபான் பக்கம் 26 பேருக்கு, அசண்டெக்ஸியன் பக்கம் 98 பேருக்கு. 2023 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்தான் இப்போது நடப்பில் உள்ளவை. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் விளக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

படிவம் பல பக்கம் இருக்கும். ஓ.பி. நெரிசலில் மேசை ஓரத்தில் நின்றபடி கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரவில் மூச்சு முட்டினால் யாருக்கு போன் செய்வது? பஸ் காசு யார் தருவார்கள்? ஆய்வு முடிந்த மறுநாள் மாத்திரை எங்கே கிடைக்கும்? இவற்றைக் கேளுங்கள். என்னைப் போன்ற வயதில், என்னைப் போன்ற வால்வோடு எத்தனை பேர் இதில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இன்விக்டஸின் எண்களில் என்னை அதிகம் உலுக்கியது மருந்துகளின் போட்டியல்ல. சராசரியாக மூன்று ஆண்டுதான் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் இரு பக்கமும் சேர்த்து 994 பேர் இறந்தார்கள். ஐம்பது வயதை ஒட்டிய 4,531 பேரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். பக்கவாதம் கண்டவர்கள் 155 பேர்தான். பக்கவாதம் தப்பியவர்களையும் சுருங்கிய வால்வும் களைத்த இதயமும் கொண்டுபோயின. அந்த வால்வைப் பலூனால் விரிக்கலாம், அறுவை செய்து மாற்றலாம், அதுவும் சரியான நேரத்தில் செய்தால். அதற்கும் முன்னால், மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறாமல் போட்டிருந்தால் பாதிப் பேருக்காவது வால்வு இவ்வளவு கெட்டிருக்காது என்று நினைக்கிறேன். அந்த ஊசி பழையது, மலிவானது. வலிக்கிறது என்று பிள்ளை அழும், ஸ்கூல் ஒரு நாள் போகும். மூன்றாவது வாரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அம்மாவுக்குக் கூலி ஒரு நாள் போகும்.